பிக்கப் வண்டிக்குப் பெரிய வீலும் டயரும்: வடசென்னையில் முதல் முறை மாற்றுபவர்களுக்கு

மழைக்கு அப்புறம் ஒரு நாள் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை வண்டி ஓட்டிப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அவை நின்று நின்று அழுத்திய இடத்தில் தார் பிதுங்கி மேடாகியிருக்கும். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளம் இருக்கும், ஆழம் தெரியாது. இந்த வழியில் தினமும் பிக்கப் ஓட்டுகிறவருக்கு என்றாவது ஒரு நாள் "கொஞ்சம் பெரிய வீலாகப் போட்டுவிடலாமா?" என்று தோன்றத்தான் செய்யும். எனக்கும் தோன்றியது. முதல் முறை தப்பாகச் செய்தேன், இரண்டாவது முறை அளந்து செய்தேன். என்னைப் போல இரண்டு முறை காசு கொடுக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் ஊர்ச் சாலைக்கு ரிம்மைப் பெரிதாக்காதீர்கள், ரப்பரைப் பெரிதாக்குங்கள். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

முதலில் யார் இதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றுகிற வண்டி, மாதவரத்தில் பார்சல் ஏற்றுகிற வண்டி, அதாவது தினமும் முழு லோடு இழுத்துச் சம்பாதிக்கிற பிக்கப்புக்கு இது வேண்டாம். கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல லாரி ரக டயராகப் பார்த்துப் போடுங்கள். வீல் பெரிதானால் இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டும், பிரேக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், பேரிங்குக்கும் பாரம் கூடும். லோடு வண்டியில் இது மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நான் எழுதுவது டி-மேக்ஸ், வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற பிக்கப்புகளுக்கு.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயர் அளவும், வெறும் வண்டிக்கு எவ்வளவு காற்று, லோடுக்கு எவ்வளவு காற்று என்பதும் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்கியிருந்தால் இப்போது மாட்டியிருக்கிற டயரை நம்பாதீர்கள், முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம். ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் வண்டியில் 245/70 ஆர்16 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 245-இல் 70 சதவீதம் 171.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 343. 16 அங்குலம் என்பது 406.4 மி.மீ. இரண்டையும் கூட்டினால் முழு விட்டம் 749.4 மி.மீ.

அதே ரிம்மில் 265/70 ஆர்16 போட்டால் இதே கணக்கில் 777.4 வரும். 28 மி.மீ. பெரிது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், 14 மி.மீ. இதை மனதில் வையுங்கள். பெரிய டயர் போட்டால் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 14 மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் தடிமன். அதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இப்போது 18 அங்குல ரிம்முக்கு வருவோம். 265/60 ஆர்18 டயரின் முழு விட்டம் 775.2. முன்னே சொன்ன 16 அங்குல டயரும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் 16-இல் பக்கச்சுவர் 185.5 மி.மீ., 18-இல் 159 மி.மீ. 26 மில்லிமீட்டருக்கு மேல் ரப்பர் போய் அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அடியை வாங்கி மடங்கிக் கொடுப்பது ரப்பர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். மணலி பக்கம் ஒரு வருடம் 20 அங்குல ரிம்மோடு ஓட்டிய நண்பர் ஒருவருக்கு இரண்டு ரிம் நெளிந்து, ஒன்று விரிசலும் விட்டது. விரிசல் பின்பக்கம் இருந்ததால் வெளியே தெரியவே இல்லை. தினம் காலையில் காற்று குறைகிறது என்று பஞ்சர் கடைக்கு அலைந்துகொண்டிருந்தார்.

எவ்வளவு வரை பெரிதாக்கலாம்? பழைய விட்டத்தைவிட 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. 245/70-இலிருந்து 265/70-க்குப் போனால் அதைக் கொஞ்சம் தாண்டி 3.7 சதவீதம் வரும். நான் அதில் நின்றேன், அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62-க்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டர் கணக்கும் குறைத்தே காட்டும், 10,000 என்று காட்டினால் ஓடியது சுமார் 10,370. மைலேஜ் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

அளவுக்குப் பின்னால் 112எஸ் என்கிற மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் தாங்கும் எடையைக் குறிக்கும். 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ, 112 என்றால் 1120 கிலோ, 115 என்றால் 1215 கிலோ. புதிய டயரின் எண் பழையதைவிடக் குறையவே கூடாது. கார் ரக டயரில் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தும் இந்த எண் குறைவாக இருப்பவை உண்டு, அதனால் ஒவ்வொன்றையும் குனிந்து பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயருக்கும் பாருங்கள். மூன்று புதிதாகவும் ஒன்று மூன்று வருடப் பழையதாகவும் எனக்கு ஒரு கடையில் கொடுக்கப் பார்த்தார்கள்.

டயர் ரகத்தில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏ.டி. என்கிற, தாரும் மண்ணும் இரண்டும் ஓடக்கூடிய ரகம் நமக்குப் போதும். பெரிய பெரிய கட்டையோடு வருகிற எம்.டி. ரகம் சேற்றுக்குச் செய்தது. நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடி குறைவு, சத்தமும் தாங்காது.

ரிம்மில் பொருந்த வேண்டியவை

இருக்கிற ரிம் நல்ல நிலையில் இருந்தால் டயரை மட்டும் மாற்றினாலே போதும். 265/70 ஆர்16 டயர் 7 அங்குல அகல ரிம்மிலேயே உட்காரும். அலாய் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

முதலாவது பி.சி.டி., அதாவது போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். டி-மேக்ஸ், ஹைலக்ஸ் இரண்டுக்கும் 6 போல்ட், 139.7 மி.மீ. அது பொருந்திவிட்டதே என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தினேன்.

இரண்டாவது நடு ஓட்டை. வீலின் நடு ஓட்டை, வீலை மாட்டுகிற அச்சு முனையான ஹப் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். பல மாடலுக்கும் பொருந்த வேண்டும் என்று வெளியில் விற்கிற வீல்களில் இந்த ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். என் முதல் செட்டில் அப்படித்தான். மாட்டிய மறுநாள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் 70-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. வாங்கிய கடையில் மூன்று முறை பேலன்சிங் செய்தார்கள், உதறல் போகவில்லை. கடைசியில் கொருக்குப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் மெஷின் பக்கமே போகவில்லை. ஜாக்கி போட்டு, நட்டுகளை லேசாகத் தளர்த்தி, நடு மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தார்.

"தம்பி, இங்க வந்து பாரு. கீழ நகம் போகுது, மேல போகல. வீலு நடுவுல உட்காரவே இல்ல. இதுக்குப் பேலன்சிங் மேல பேலன்சிங் போட்டு என்ன பிரயோஜனம்?"

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். கீழே நகம் நுழையும் இடைவெளி, மேலே உலோகத்தோடு உலோகம். அந்த இடைவெளிக்குத் தக்க அலுமினிய வளையம் கடைந்து போட்டதும் உதறல் நின்றுவிட்டது. வளையத்துக்கு ஆன செலவு மூன்று பேலன்சிங்கைவிடக் குறைவு. அதனால் கடைக்குப் போகும்போதே ஹப்பையும் புதிய வீலின் ஓட்டையையும் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும், "இந்த மாடலுக்குப் போகும்" என்கிற வாய்வார்த்தை மட்டும் போதாது.

மூன்றாவது ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். வீலின் பின்பக்கம் ஈ.டி. என்று போட்டு எண் இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். உதாரணமாக, பழையது 7 அங்குல அகலம், ஈ.டி. 33. புதியது 8 அங்குலம், ஈ.டி. 20. ஆஃப்செட் 13 குறைந்ததால் 13 மி.மீ. வெளியே போகும். அகலம் ஓர் அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 12.7 சேரும். ஆக வெளி விளிம்பு 25.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். இந்த அளவு பரவாயில்லை. ஈ.டி. 0 எடுத்தால் வெளி விளிம்பு 45.7 மி.மீ. தள்ளிவிடும். பார்க்க முறுக்காகத்தான் இருக்கும். ஆனால் பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், பேரிங் சீக்கிரம் போகும், மட்கார்டுக்கு வெளியே நீட்டுகிற சக்கரம் சேற்றைப் பக்கத்தில் பைக்கில் வருகிறவர் முகத்தில் அடிக்கும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்கிற தட்டைப் போட்டுத் தள்ளினாலும் இதே கதைதான். வேண்டாம்.

நான்காவது, வீல் தாங்கும் எடை. நல்ல வீலின் பின்னால் அதிகபட்ச லோடு கிலோவில் பொறித்திருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் பின் அச்சுக்குச் சொன்ன அதிகபட்ச எடையில் பாதியைவிட அது குறையக் கூடாது. பொறிப்பே இல்லாத வீல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் பழைய அலாய் நல்ல விலைக்குக் கிடைக்கும்தான். எடுப்பதாக இருந்தால் பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றிக் கோணல் பாருங்கள், பின்பக்கம் வெல்டிங் தடயம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

நட்டும் முக்கியம். சில கம்பெனி வீல்களுக்குத் தட்டை வாஷர் நட், வெளியில் வாங்கும் வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு நட். பழைய தட்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டு இறுக்கினால் இறுகிய மாதிரிதான் இருக்கும், ஓடும்போது கழன்றுவிடும். 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. புரியும் உள்ள போல்ட்டில் நட் குறைந்தது 8 சுற்றாவது கையால் ஏற வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன்

கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு தெரியும் அல்லவா? அது இல்லாவிட்டால் ஒரு நூலில் பெரிய நட் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மட்கார்டு வளைவின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் இப்போதைய டயரின் வெளி முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளவுகோலால் பாருங்கள். அந்த இடைவெளி 30 மி.மீ. இருந்து, கணக்குப்படி 25.7 வெளியே வரும் என்றால் உள்ளேயே நிற்கும். டயரின் அகலமும் கூடுவதால் இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிப் பாருங்கள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்ளே பிளாஸ்டிக் லைனருக்கும் சேசிஸுக்கும் எவ்வளவு இடம் என்றும் பாருங்கள். உரசல் வந்தால் அங்கேதான் முதலில் வரும்.

அப்புறம் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பதுதான் பாதுகாப்பு. அதைத் தாண்டுவதாக இருந்தால், வாங்குவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போனில் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது கிளைம் நேரத்தில் உதவாது. மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கும் நேரத்திலும் கேள்வி வரும்.

மாட்டும் நாள்

கூடவே இருங்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால், வெறும் வீலை முன் ஹப்பில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஏற்றிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஒரு சிறு களிமண் உருண்டையைப் பிரேக் தட்டைப் பிடிக்கிற காலிப்பர் மேல் ஒட்டி, இரண்டு நட் போட்டு, வீலை மெதுவாகக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த வீல் வேண்டாம்.

அடுத்தது துரு. கடலை ஒட்டி இருக்கிறோம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நிற்கிற வண்டியின் ஹப் முகத்தைப் பாருங்கள், சிவப்பாகப் பொரிந்திருக்கும். அதன் மேலேயே வீலை மாட்டினால் துரு உதிர உதிர நட் தளரும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள். கடைப் பையன் அவசரத்தில் இருந்தால் பிரஷ்ஷை நீங்களே வாங்கித் தேயுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நட்டை முதலில் கையால் ஏற்ற வேண்டும். அப்புறம் எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், வரிசையாக இறுக்கக் கூடாது. காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று முடித்துவிடுவார்கள். அது போல்ட்டின் புரியை இழுத்துவிடும். கடைசி இறுக்கம், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சில்தான் இருக்க வேண்டும். அளவு கையேட்டில் இருக்கும், இந்த ரகப் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். டார்க் ரெஞ்ச் இல்லாத கடைக்கு இந்த வேலைக்காகப் போகாதீர்கள். லாரி வேலையில் கைதேர்ந்த கடைகள் மூலக்கடைப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் வேலை சுத்தம்தான், ஆனால் லாரி நட்டுக்குப் பழகிய கை பிக்கப் நட்டை முறித்துவிடும்.

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே முடியட்டும். காற்று ஸ்டிக்கர் சொன்ன அளவில் தொடங்கட்டும். எல்.டி., அதாவது லைட் டிரக் என்று போட்ட டயருக்கு மாறியிருந்தால் அதே எடைக்குக் கூடுதல் காற்று வேண்டும், டயர் நிறுவனத்தின் அட்டவணையைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் உரசல் சோதனை. முன் டயரின் தோள் விளிம்பில் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். பின்னால் இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முன்னால் ஒரு வட்டம், ரிவர்ஸில் ஒரு வட்டம். அப்புறம் ஒரு வேகத்தடையைக் கொஞ்சம் ஒடித்தபடி ஏறி இறங்குங்கள். இறங்கி வந்து லைனரிலும் மட் ஃபிளாப்பிலும் வெள்ளைத் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மட் ஃபிளாப்பில் லேசான தடம் என்றால் கிளிப்பை மாற்றிக் கட்டிவிடலாம். சேசிஸிலோ பிரேக் குழாய்ப் பக்கமோ தடம் இருந்தால் அந்தச் செட் உங்கள் வண்டிக்கு ஆகாது, அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த சில வாரங்கள்

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். புதிய அலாயின் பெயின்ட் அழுந்தி உட்காரும்போது நட் கொஞ்சம் தளரத்தான் செய்யும். என் வண்டியில் பின் இடது சக்கரத்தில் இரண்டு நட் கால் சுற்று ஏறின.

முதல் வாரம் முன்னால் போகிற வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். எடை கூடிய சக்கரத்தை நிறுத்தப் பிரேக்குக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் வேண்டும், கால் பழகும்வரை பொறுமையாக இருங்கள்.

தண்ணீரில் போக நேர்ந்தால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியில் நின்ற மாதிரி ஹப் முங்கும் தண்ணீராக இருந்தால், சக்கரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அச்சுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் வடிந்ததும் அச்சின் நடுவே இருக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

உப்புக் காற்றுக்காக வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் வீலின் பின்பக்கத்தையும் கழுவுங்கள். கடைசல் முகத்தோடு பளபளக்கும் அலாயில் லேக்கர் சிறிது உரிந்தாலும் அடியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிக்கும். முழுக்கப் பெயின்ட் அடித்த வீல் நம் பக்கத்துக்கு நல்லது.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கு வாங்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால், ஃபோர் வீல் போடும்போது கியர் பெட்டியில் முறுக்கு ஏறும். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்குங்கள். வாங்கியதும் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் ஏற்றிப் பாருங்கள். எனக்கு அகலம் கூடியதால் டயர் சைலன்சர் பக்கம் இடித்தது, வால்வைக் கீழே பார்க்கத் திருப்பி வைத்த பிறகுதான் ஏறியது. இருட்டில் மீஞ்சூர் சாலையோரத்தில் அதைக் கழற்றத் தெரிய வேண்டும் என்பதால், வீட்டு வாசலில் ஒரு முறை இறக்கி ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். கூம்பு நட்டுக்குச் சேரும் வீல் ஸ்பேனர் வண்டியில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். சில அலாய் செட்டின் நட்டுகளுக்குக் கம்பெனி ஸ்பேனர் உள்ளே நுழையாது.